மளிகைப் பட்டியல் பையிலேயே இருக்கட்டும்
நினைவாற்றலுக்கு ஓர் எளிய பயிற்சி: மளிகைச் சாமான் பட்டியலை எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஆனால் கடையில் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்தே வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை பிரித்துச் சரிபார்த்தால் போதும்.

ஒன்றைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, முயன்று நினைவுக்குக் கொண்டுவருவதே அதை மனத்தில் ஆழமாகப் பதிக்கிறது. சாம்பாருக்குத் துவரம்பருப்பு, புளி, பெருங்காயம். இட்லிக்கு அரிசி, உளுந்து, வெந்தயம் என்று சமையலோடு சேர்த்து நினைத்தால் ஒரு பொருள் அடுத்ததை இழுத்துவரும். எது விடுபட்டது என்று பார்ப்பதை மட்டும் தவிர்க்காதீர்கள், பயிற்சியின் பாதி அதில்தான் இருக்கிறது. கடைக்கு நடந்தே போக முடிந்தால் இன்னும் நல்லது.

மருந்து வாங்கும்போது இது கூடவே கூடாது. பெயரையும் அளவையும் சீட்டைப் பார்த்தே சொல்லுங்கள். பழகிய வழியும் தெரிந்த பெயர்களும் அடிக்கடி மறந்துபோகிறவர்களுக்குத் தேவை இந்தப் பயிற்சி அல்ல, மருத்துவரின் ஆலோசனை.