ஷேர் ஃபோல்டரிலிருந்து சர்வருக்கு: வளர்ந்த ஆபீஸின் நெட்வொர்க்கை மாற்றுவது எப்படி

சென்னையில் மண்ணடி, தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு பக்கம் உள்ள கிளியரிங் ஆபீஸ்களில் (துறைமுகச் சரக்குக்கு சுங்க வேலை முடித்துக் கொடுப்பவர்கள்) ஒரே நிலைமையைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நாலு பேரோடு ஆரம்பித்த ஆபீஸ். கணக்குப் பார்க்கிற அக்காவின் சிஸ்டத்தில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து, எல்லோரும் அதை இசட் டிரைவ் என்று வைத்துக்கொண்டார்கள். கணக்குப் போடும் டாலியும் அதில்தான், ஸ்கேன் செய்த இன்வாய்ஸும் அதில்தான். ஆள் இருபதைத் தாண்டியதும் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, துறைமுகத்தில் கன்டெய்னர் நிற்கும் நேரத்தில், ஒரு தம்பியின் திரையில் இதற்கு மேல் இணைப்பு தர முடியாது என்று செய்தி வரும். வேறு யாராவது சிஸ்டத்தை ஷட் டவுன் செய்தால் இவருக்குத் திறக்கும்.

இது வைரஸ் இல்லை, கேபிள் கோளாறும் இல்லை. விண்டோஸ் 10, 11 இரண்டுமே ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் ஷேர் தராது. அதன் உரிமமே அவ்வளவுதான். இந்த இடத்துக்கு வந்துவிட்டால் சர்வர், அதாவது எல்லோருடைய ஃபைலையும் லாகினையும் கவனிக்க மட்டுமே ஒரு தனி மெஷின், வேண்டும். இதுவரை சர்வரைத் தொட்டதே இல்லை என்பவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பழைய நிலைக்குத் திரும்ப வழி இல்லாத எந்தப் படியையும் எடுத்து வைக்காதீர்கள்.

படி 1: நோட்டு எடுத்துக் கணக்கெடுங்கள்

சர்வர் விலை விசாரிக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு சிஸ்டத்தின் முன்னாலும் உட்கார்ந்து எழுத வேண்டும். யார் பயன்படுத்துகிறார், விண்டோஸ் ஹோமா ப்ரோவா, எந்த பிரிண்டர், எந்த டிரைவ். ஹோம் என்றால் அது டொமைனில் (எல்லா சிஸ்டத்தின் லாகினையும் சர்வரே கவனிக்கும் அமைப்பு) சேராது, ப்ரோவுக்கு மாற்றும் செலவை இப்போதே கணக்கில் சேருங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, அதனால் பழைய சிஸ்டங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

எழுதும்போது கேள்வியும் கேளுங்கள். பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவம்) போடும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எந்த சிஸ்டத்தில் செருகியிருக்கிறது? டாலி உரிமம் எதில் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது? ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்து எந்த ஃபோல்டரில் போடுகிறது? மூலையில் இருக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் யாருடைய சிஸ்டம் வழியாக ஓடுகிறது? முதலாளிக்கு இவை தெரியாது. தினமும் அதில் கை வைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஒரு முழு நாள் ஆகும், ஆகட்டும்.

படி 2: பேக்கப் எடுத்து, திறந்து பாருங்கள்

ஒரு ஆபீஸில் மூன்று வருடமாக வாரம் தவறாமல் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து வந்தார்கள். மாற்றும் முன் நான் அதைத் திறந்தேன். உள்ளே இருந்தது டாலி ஃபோல்டர் இல்லை, அதன் ஷார்ட்கட். அளவு 2 கேபி. மூன்று வருடமும் அந்த 2 கேபியைத்தான் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

அதனால் எடுத்த பேக்கப்பை வேறு ஒரு சிஸ்டத்தில் ரீஸ்டோர் செய்து, டாலியில் கம்பெனியைத் திறந்து, நேற்றைய வவுச்சர் தெரிகிறதா என்று கணக்கு அக்காவையே பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்த படி.

படி 3: வாங்குவதும் வைப்பதும்

இருபது, முப்பது பேர் உள்ள ஆபீஸுக்கு 32 ஜிபி ரேம், விண்டோஸுக்கு ரெய்டு 1-ல் (ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கிலும் எழுதப்படும் முறை) இரண்டு எஸ்.எஸ்.டி, டேட்டாவுக்குத் தனி டிஸ்க்குகள் போதும். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் உரிமம் குறைந்தது 16 ப்ராசஸர் கோருக்கு வாங்க வேண்டும். அதில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் (ஒரே சர்வருக்குள் தனித்தனி சர்வர் போல ஓடுபவை) ஓட்டலாம். ஒன்றில் டொமைன், இன்னொன்றில் ஃபைலும் டாலியும். சர்வரைப் பயன்படுத்த ஆளுக்கொரு சி.ஏ.எல் (CAL) உரிமமும் வேண்டும், கொட்டேஷனில் இது விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரெய்டு போட்டாலும் பேக்கப் தேவைதான். டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும், யாராவது ஃபைலை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும்.

வைக்கும் இடம் நம் பகுதியில் பெரிய விஷயம். 2015 மழையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் பார்த்த பிறகும் தரைத்தளத்தில் சர்வர் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. மாடியில் வையுங்கள், ஆனால் கடல் பக்கத்து ஜன்னலை ஒட்டி வேண்டாம். ராயபுரத்தில் ஒரு ஆபீஸில் ஸ்விட்சிலிருந்து கேபிளைப் பிடுங்கினால் முனையின் பின்களில் பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்றின் வேலை. மற்ற ஊரில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பழைய கட்டடம் என்றால் எர்த்திங்கையும் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிட்டு யு.பி.எஸ் மாட்டுங்கள்.

ஸ்விட்ச் பழைய 100 எம்பி வகையாக இருந்தால் மாற்றுங்கள். அதில் நொடிக்குச் சுமார் 12 மெகாபைட்தான் போகும், எவ்வளவு நல்ல சர்வர் வாங்கினாலும் பயன் இருக்காது. ஜிகாபிட் ஸ்விட்ச், கேட் 6 கேபிள், ஒரு ஓட்டம் 100 மீட்டருக்குள்.

படி 4: டொமைன்

சர்வருக்கு மாறாத ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) கொடுங்கள், உதாரணமாக 192.168.1.10. டொமைனை நடத்தும் ஆக்டிவ் டைரக்டரியைப் போடும்போது, பெயரைக் கொடுத்தால் ஐபியைச் சொல்லும் டி.என்.எஸ்ஸும் சேர்ந்தே வரும். புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். எல்லா சிஸ்டத்திலும் டி.என்.எஸ் முகவரி சர்வருடையது மட்டுமே இருக்க வேண்டும். இரண்டாவதாக இருக்கட்டுமே என்று ரவுட்டரையோ கூகுளின் 8.8.8.8-ஐயோ போட்டால், சில நாள் லாகின் ஆகும், சில நாள் ஆகாது. காரணம் தேடியே ஒரு வாரம் போய்விடும். இன்டர்நெட்டுக்கான கேள்விகளைச் சர்வரே வெளியே அனுப்பிக்கொள்ளும்.

அப்புறம் டி.எச்.சி.பி, அதாவது ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஐபியைத் தானாகக் கொடுக்கும் வேலை. சர்வரில் அதை ஆன் செய்யும் அதே நேரத்தில் ரவுட்டரில் ஆஃப் செய்யுங்கள். இரண்டும் ஓடினால் ஐபி கலங்கிவிடும்.

எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம் என்ற உரிமைகளை ஆளுக்கு ஆள் கொடுக்காமல் குழுவுக்குக் கொடுங்கள்: கணக்கு, டாக்குமென்டேஷன், ஃபீல்டு. நாளைக்குப் புதிதாக ஒரு தம்பி சேர்ந்தால் குழுவில் பெயரைச் சேர்த்தால் போதும்.

படி 5: இரண்டு சிஸ்டத்தில் ஒத்திகை

முதலில் இரண்டே சிஸ்டத்தை டொமைனில் சேர்த்து ஒரு வாரம் ஓடவிடுங்கள், அதன் பிறகு மற்றவற்றைச் சேருங்கள். சேர்த்தவுடன் அந்த சிஸ்டத்தில் வேலை பார்ப்பவரின் டெஸ்க்டாப் வெறிச்சோடிக் கிடக்கும். "அண்ணே, என் ஃபைல் எல்லாம் போச்சு!" என்று கலங்கிவிடுவார். எதுவும் போகவில்லை. டொமைனில் வேறு ப்ரொஃபைல் உருவாகியிருக்கிறது, பழையது சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரில் அப்படியே இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவருக்கும் பயம் இல்லை, உங்களுக்கும் ஓட்டம் இல்லை.

லாகின் ஆகவில்லை என்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். சர்வர் நேரத்துக்கும் சிஸ்டத்துக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டொமைன் உள்ளே விடாது. பழைய சிஸ்டத்தில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால் இது அடிக்கடி வரும்.

படி 6: டேட்டாவை நகர்த்துவது

விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளை போதும். வார நாட்களிலேயே முதல் காப்பியை ஓட்டிவிடுங்கள். சனிக்கிழமை இரவு எல்லோரும் வெளியேறிய பிறகு மறுபடி ஓட்டினால் இடையில் மாறியவை மட்டும் வரும், பெரும்பாலும் சில நிமிடம்தான். மிரர் என்ற எம்.ஐ.ஆர் தேர்வை மட்டும் இரண்டு முறை படித்துப் பார்த்து அழுத்துங்கள். மூலத்தில் இல்லாததை அது சேருமிடத்தில் அழித்துவிடும். பழையதையும் புதியதையும் மாற்றி எழுதிவிட்டால், காலியான புதிய ஃபோல்டரைப் பார்த்து உங்கள் பழைய டேட்டாவையே துடைத்துவிடும்.

பழைய உரிமைகளைக் காப்பி செய்ய வேண்டாம், குழுக்களுக்குப் புதிதாகக் கொடுத்துவிடுங்கள். டிரைவ் எழுத்து மட்டும் அதே இசட் ஆக இருக்கட்டும். டாலியின் டேட்டா பாதையும் எக்செல் இணைப்புகளும் அப்போதுதான் உடையாது. டாலி உரிமத்தைப் பழைய சிஸ்டத்தில் சரண்டர் செய்துவிட்டு, பிறகு புதியதில் ஆக்டிவேட் செய்யுங்கள். காப்பி முடிந்ததும் பழைய ஷேரை எழுத முடியாதபடி படிக்க மட்டும் என்று மாற்றுங்கள். யாராவது பழக்கத்தில் அங்கே போய் சேமித்தால் இரண்டு கணக்காகிவிடும்.

படி 7: திங்கள் காலை

எட்டரைக்கே ஆபீஸில் இருங்கள். பெரும்பாலும் முதலில் நிற்பது ஜெராக்ஸ் மெஷினின் ஸ்கேன். பழைய மெஷின்கள் எஸ்.எம்.பி (விண்டோஸ் ஷேருக்கான மொழி) முதல் பதிப்பில்தான் பேசும், புதிய சர்வரில் அது இயல்பாகவே மூடியிருக்கும். அவசரத்துக்கு அதைத் திறந்துவிடாதீர்கள். 2017-ல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் புகுந்தது அந்த வழியாகத்தான். மெஷினின் ஃபர்ம்வேரை (அதன் உள் மென்பொருள்) புதுப்பித்துப் பாருங்கள், முடியாவிட்டால் ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பச் செய்யுங்கள்.

டோக்கன் உள்ள சிஸ்டத்தை மட்டும் கடைசி வரை டொமைனுக்கு வெளியே வைத்திருப்பேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் நிலையாக ஓடிய பிறகு, வேலை குறைவான ஒரு மாலையில் அதைச் சேர்த்து, ஒரு கையெழுத்து போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். பில் தாமதமானால் கட்டணம் கட்டப்போவது வாடிக்கையாளர்.

படி 8: அதற்குப் பிறகு

இரண்டு வெளி டிஸ்க்கை மாற்றி மாற்றி வைத்து தினமும் இரவு பேக்கப். எடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றுங்கள், ஒன்று எப்போதும் முதலாளி வீட்டில் இருக்கட்டும். கம்பெனிகள் சட்டத்தில் பதிவான கம்பெனி என்றால், 2022 திருத்தத்தின்படி மின்னணுக் கணக்குகளின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் சேர வேண்டும். இதை ஆடிட்டரிடமும் பேசிவிடுங்கள்.

பழைய ஷேர் இருந்த சிஸ்டத்தை ஒரு மாதம் தொடாதீர்கள். ஜி.எஸ்.டி ஒரு சுற்றும் சம்பளம் ஒரு சுற்றும் புதிய சர்வரிலிருந்து போகட்டும். அதன் பிறகு டிஸ்க்கை மட்டும் கழற்றி, தேதி எழுதி ஒட்டி, பீரோவில் வையுங்கள்.