மருந்து கேட்டு வருபவரை உட்கார வைப்பது எப்படி

அயோத்தியாப்பட்டணத்தில் இருபத்தாறு வருடமாக உரக்கடை வைத்திருக்கிறேன். காரிப்பட்டி, மின்னாம்பள்ளி, வலசையூர் ஆட்கள் வருவார்கள். குப்பனூர் ரோடு வழியாக ஏற்காட்டு மலையிலிருந்து காப்பி, மிளகு போடுகிறவர்களும் இறங்கி வருவார்கள். எங்கள் பக்கம் பூச்சிக்கொல்லியை யாரும் அந்தப் பெயரில் கேட்பதில்லை. மருந்துதான். குச்சிக்கிழங்குக்கு மருந்து, பாக்குக்கு மருந்து. யாராவது உயிரை விடப் பார்த்தாலும் 'மருந்து குடிச்சுட்டான்' என்றுதான் சொல்கிறோம். ரெண்டும் ஒரே அலமாரியிலிருந்து போவதுதான்.

2009-ல் ஒருநாள் ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில் ஒருவர் வந்தார். பல வருடப் பழக்கம். ஐந்து ரூபாய்க்குக்கூட அரை மணி நேரம் பேரம் பேசுகிற மனிதர் அன்றைக்குப் பேரம் பேசவில்லை. 'நோட்டுல எழுதிக்குங்க' என்றும் சொல்லவில்லை, கையில் காசு கொடுத்தார். எந்தப் பயிருக்கு என்று நானும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகிற அவசரம். மறுநாள் மத்தியானம் செய்தி வந்தது. பில் புத்தகத்தில் கடைசித் தாள் அவருடையது, கீழே என் கையெழுத்து.

அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். என்னைப்போல் கடை வைத்திருப்பவர்களுக்கு என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் வீட்டில் மருந்து வைத்திருக்கிற யாருக்கும், கூட இருப்பவர் சரியாக இல்லை என்று மனதுக்குப் படுகிற யாருக்கும் இது உதவும்.

2022-ல் நம் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் என்று அரசுக் கணக்கில் ஏறியது 1,70,924 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாடு முழுவதும் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலி. உலகம் முழுக்க எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் நம்மைப்போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்தான். 'கோழை', 'குடும்பத்தை நினைக்கலை' என்று இழவு வீட்டில் பேசுவார்கள். ஒரு நோயில் வருடத்துக்கு இத்தனை பேர் போனால் அப்படிப் பேசுவோமா? தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்வோம், ஊசி போடுவோம். இதற்கும் செய்யக் கூடிய வேலை இருக்கிறது.

முதல் வேலை, கேட்பது. மருந்து தேவைப்படுகிறவர் பயிரைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். இலையைப் பையில் போட்டுக்கொண்டு வருவார், போனில் படம் காட்டுவார், டேங்குக்கு எத்தனை மில்லி என்பார், போன தடவை கொடுத்தது கேட்கவில்லை என்று சண்டைக்கு வருவார். குச்சிக்கிழங்கில் மாவுப்பூச்சி விழுந்த வருடம் கடை முழுக்க அந்த இலைதான் கிடந்தது. அதனால் இப்போது யார் வந்தாலும் மூன்று கேள்வி கேட்கிறேன்: என்ன பயிர், எத்தனை ஏக்கர், எப்போது அடிக்கப் போறீங்க. பதில் ஒட்டவில்லை என்றாலோ, முகம் வாடி இருந்தாலோ, குடித்திருந்தாலோ, மருந்து எடுத்துக் கொடுக்க மாட்டேன். 'உட்காருங்க, டீ சொல்றேன்' என்பேன். 'ஸ்டாக் இல்லை' என்று சொல்லி அனுப்பாதீர்கள். அடுத்த கடை நூறடியில் இருக்கிறது. எங்கள் வட்டாரக் கடைக்காரர்கள் சிலர் இதற்காகவே ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். ஒருவரைப் பற்றிச் சந்தேகம் வந்தால் உடனே மற்ற கடைகளுக்குத் தெரிந்துவிடும். பெயர் போட மாட்டோம், அடையாளம் மட்டும்.

உட்கார வைத்தாச்சு. அப்புறம்? இங்கேதான் எல்லோருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சுற்றி வளைக்க வேண்டாம். ஒரு சாயங்காலம் மழைத் தூறலில் ஒரு பையன் வந்தான், இருபத்திரண்டு வயது இருக்கும். வெள்ளிப்பட்டறையில் கொலுசு வேலை. நிலமே இல்லாதவனுக்கு மருந்து எதற்கு? உர மூட்டை மேல் உட்கார வைத்தேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. மேலே ஆடை படிகிற வரைக்கும் பார்த்திருந்துவிட்டுக் கேட்டேன்.

'சாகலாம்னு நெனப்பு வருதா கண்ணு?'

நிமிர்ந்து பார்த்தான். 'ஆமாங்ண்ணா' என்றான். அவ்வளவுதான், பொலபொலவென்று கண்ணீர். அதை யாரும் அவனிடம் கேட்டதே இல்லை. கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. உள்ளே ஏற்கெனவே இருப்பதை வெளியே எடுத்து வைக்க ஓர் இடம் கிடைக்கிறது, அவ்வளவே.

அந்த நேரத்தில் சொல்லக் கூடாதவை சில உண்டு. 'இதுக்குப் போயா', 'உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இல்லையா', 'அம்மாவை நினைச்சுப் பார்த்தியா'. நான் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொன்னதும் எதிராளி வாயை மூடிக்கொள்வார். அதற்குப் பதில் நான் கேட்பது ஒன்றே ஒன்று: 'உங்க வீட்டுல யார்கிட்டச் சொன்னா திட்டாம கேப்பாங்க?' பெரும்பாலும் அது அப்பாவாக இருக்காது. அத்தை, சின்ன மாமன், கூட வேலை செய்கிற அண்ணன் என்று யாராவது ஒருவர் பெயர் வரும். அந்த ஆள் வந்து சேரும் வரை தனியாக விடாதீர்கள். 'யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்று கெஞ்சினால் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். அந்தப் பையனுடைய அக்கா வீட்டுக்காரர் கொண்டலாம்பட்டியிலிருந்து பைக்கில் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதுவரை பட்டறையைப் பற்றித்தான் பேசினோம். பற்ற வைக்கும்போது கண் எரிவதைப் பற்றி, வாரக் குழுக்கடனைப் பற்றி. சாகத் தூண்டுகிற அந்த வேகம் காய்ச்சல் மாதிரி, ஏறும், இறங்கும். இறங்குகிற வரைக்கும் கையில் எதுவும் கிடைக்கக் கூடாது.

இனி நான் தப்பாக நம்பியிருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைக்கு வாங்க வருகிறவரைத் தடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: பல வீடுகளில் அது பரணில், மாட்டுக் கொட்டகையில், கட்டிலுக்கடியில் ஏற்கெனவே மிச்சமாகக் கிடக்கிறது. வீட்டுச் சண்டையில் மனம் உடைகிற பெண்கள் என் கடைப்படி ஏறுவதில்லை. அவர்களுக்கு வீட்டிலேயே இருக்கிறது. அதனால் தகரப் பெட்டி அடித்து, பூட்டுப் போட்டு, வாடிக்கையாளர் நாற்பது பேருக்குக் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. பின்னால் இலங்கையில் நடந்த ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டேன். 180 கிராமங்கள், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பாதிக் கிராமங்களுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2017-ல் முடிவு வந்தது: பெட்டி கொடுத்ததால் விஷம் குடிப்பது குறையவில்லை. நான் கொடுத்த பெட்டிகளைப் போய்ப் பார்த்தேன். சாவி பூட்டிலேயே தொங்கியது. ஒரு வீட்டில் பெட்டிக்குள் பழைய துணி, மருந்து பெட்டிக்கு மேலே.

அதே இலங்கையில் வேறொன்று பலித்தது. 1995 வாக்கில் லட்சத்துக்கு 47 பேர் என்கிற அளவுக்கு அங்கே தற்கொலை இருந்தது. கொடிய மருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. இருபது வருடத்தில் அந்த எண்ணிக்கை எழுபது சதவீதத்துக்கு மேல் இறங்கியது, விளைச்சல் குறையவில்லை. விற்கிறவன் நானே சொல்கிறேன்: அந்த ரகங்கள் என் அலமாரியில் இருக்கத் தேவையில்லை. பாதியை நானாகவே நிறுத்திவிட்டேன். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் ஊர்ப் பொது இடத்தில் விவசாயிகளுக்குத் தனித்தனி லாக்கர் வைத்து, பொறுப்புக்கு ஒரு ஆளும் போட்டுப் பார்த்தார்கள். அது வீட்டுப் பெட்டியைவிட நல்ல யோசனை. வீட்டிலிருந்து நடந்துபோய், இன்னொரு மனித முகத்தைப் பார்த்து, கேட்டு வாங்க வேண்டும்.

அதனால் இப்போது என் பேச்சு இதுதான்: வாங்கி வைக்காதீர்கள். அன்றைக்கு அடிக்கிற அளவு மட்டும் வாங்குங்கள். மிச்சமானால் மூடி திறக்காத பாட்டிலை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

கடன் விஷயமும் இருக்கிறது. என் நோட்டில் பெயர் இருக்கிறவர்கள் நூறு பேருக்கு மேல். பாக்கியை நாலு பேர் நிற்கும்போது கேட்பதை விட்டுவிட்டேன். விளைச்சல் பொய்த்த வருடம் எனக்கும் நெருக்கடிதான். ஆனால் சந்தை நாளில் கடை வாசலில் ஒரு மனிதனைத் தலைகுனிய வைத்து வாங்கும் காசு எனக்கு வேண்டாம்.

யாராவது மருந்து குடித்துவிட்டதாகத் தெரிந்தால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். 108. உப்புத் தண்ணீர், புளிக் கரைசல், சாணிக் கரைசல் எதையும் வாயில் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது மூச்சுக்குழாயில் போய் இன்னும் கெடுக்கும். மேலே பட்ட துணியைக் கழற்றி, இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். பாட்டிலையோ லேபிளையோ மறக்காமல் கூடக் கொண்டுபோங்கள், டாக்டருக்கு அதுதான் முதல் தேவை. 'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்று வீட்டிலேயே வைத்திருந்து கைவிட்டுப் போனவர்கள் உண்டு. மருத்துவமனையில் விவரம் எழுதிக்கொள்வார்கள். 2017-ன் மனநலச் சட்டம், முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றுதான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் கிடையாது.

பிழைத்து வந்தவரை ஊர் இரண்டு நாள் பார்க்கும், அப்புறம் மறந்துவிடும். அதுதான் ஆபத்தான காலம். உலகச் சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து ஊர்களில் முயன்று பிழைத்த 1,867 பேரை வைத்து ஒன்று செய்து பார்த்தது. பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மீதிப் பேருக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், ஒன்றரை வருடத்தில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ ஒரு விசாரிப்பும். முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்தார்கள், இரண்டாவதில் 0.2. 'எப்படி இருக்கீங்க' என்று கூப்பிட்டதற்கு இவ்வளவு பலம். நான் அந்த நாள் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டேன்: 1, 2, 4, 7, 11-ஆம் வாரம், அப்புறம் 4, 6, 12, 18-ஆம் மாதம். கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் வைத்தியன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அந்த எண்ணம் போகவில்லை என்றால் சேலம் ஜி.எச். மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகவேண்டும். 'போய்ட்டு வா' என்று சொன்னால் போக மாட்டார்கள். சீட்டு வாங்கும் வரிசையில் கூட நில்லுங்கள். ராத்திரி என்றால் போன் இருக்கிறது: அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. 104-ம் உண்டு. சென்னையில் 1986-லிருந்து இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பு சிநேகா, 044-24640050. இந்த எண்களை பெரிய எழுத்தில் எழுதி என் தராசுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். எடை போடும்போது எல்லோர் கண்ணும் போகிற இடம் அது.

வருகிற வியாழக்கிழமை கோட்டச்சேட்டுக்காரர் ஒருவருக்கு நான்காம் மாதம். அவர் காட்டில் சிக்னல் கிடைக்காது. மிளகு மூட்டையோடு இறங்கும்போது கடையில் நிறுத்தி டீ சொல்ல வேண்டும்.