பாட்டுகளைப் பட்டியல் போட எந்த சாஃப்ட்வேர்? முதலில் நூறு பாட்டை வைத்துச் சோதித்துப் பாருங்கள்

காவேரிப்பட்டணத்தில் என் மாமா கேசட்டில் பாட்டு பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். கடையை மூடி வருஷக்கணக்காகிவிட்டது. அங்கே மிஞ்சிய கேசட்டுகள், அப்புறம் வந்த சிடிகள், யார் யாரோ பென்டிரைவில் கொடுத்தது எல்லாம் சேர்ந்து இப்போது என் ஹார்ட் டிஸ்கில் 11,000 பைல்களாகக் கிடக்கின்றன. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்துதான் இருக்கும், கிருஷ்ணகிரி பக்கம் வேறெப்படி இருக்கும்? இதை ஒழுங்குபடுத்த நான் நாலு சாஃப்ட்வேர் மாற்றினேன். நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் அடிக்கும் விவரம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை. பாட்டு பைலுக்குள்ளேயே டேக் என்று ஒரு இடம் இருக்கிறது, பாட்டின் பெயர், படம், பாடியவர் எல்லாம் அதில்தான் எழுதப்பட வேண்டும். சில சாஃப்ட்வேர்கள் கொஞ்சத்தை டேகில் எழுதிவிட்டு மீதியைத் தன் சொந்த டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளும். நான் முதலில் போட்டது அந்த ரகம். இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து இசையமைப்பாளர், பாடலாசிரியர், எனக்குப் பிடித்த பாட்டுக்கு ஸ்டார் என்று போட்டு வைத்தேன். கம்ப்யூட்டரில் விண்டோஸை மாற்றிப் போட்டதும் பைல் மட்டும் இருந்தது, என் உழைப்பு போய்விட்டது. அதனால் ஒரு பாட்டில் எல்லா விவரத்தையும் அடித்துச் சேமியுங்கள், அந்தப் பைலை மட்டும் வேறொரு கம்ப்யூட்டருக்கோ போனுக்கோ அனுப்பி வேறு பிளேயரில் திறந்து பாருங்கள். எது கூடவே வந்ததோ அதுதான் உண்மையில் உங்களிடம் இருப்பது. ஸ்டார் பெரும்பாலும் வராது, அதற்கு இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது நம்ம சினிமாப் பாட்டுக்கே உரிய தொல்லை. ஒரு படத்தில் ஐந்து பாட்டு, ஐந்தையும் வேறு வேறு ஆள் பாடியிருந்தால் சில சாஃப்ட்வேர் அதை ஐந்து ஆல்பமாகக் காட்டும். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற கட்டம் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்த சாஃப்ட்வேர் நமக்கு ஆகாது. நான் படத்தின் பெயரை ஆல்பத்திலும், இசையமைப்பாளரை ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், கம்போசர் இரண்டிலும், பாடியவர்களை ஆர்ட்டிஸ்டிலும் போடுகிறேன். டூயட் என்றால் இரண்டு பெயருக்கும் நடுவே அரைப்புள்ளி. மியூசிக்பீ என்ற விண்டோஸ் பிளேயரில் இப்படிப் போட்டால் அந்தப் பாட்டு இரண்டு பேரின் கீழும் வந்து நிற்கும். பாட்டு எந்த மொழி என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும்.

தேடிப் பார்க்கவும் மறக்காதீர்கள். டி.எம்.சௌந்தரராஜன் என்று அடித்துத் தேடினேன், பாதிப் பாட்டைக் காணோம். உற்றுப் பார்த்தால் சிலவற்றில் ‘சௌ’ சரியாக இருக்கிறது, சிலவற்றில் ‘செ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டு ‘செளந்தரராஜன்’ என்று இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு ஆள். இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் எழுதியதில் மட்டும் என்னிடம் ஆறு விதம் இருந்தது. ஆகவே நூற்றுக்கணக்கான பைல்களில் ஒரே அடியாகத் தேடி மாற்றும் வசதி கட்டாயம் வேண்டும். இதற்கு எம்பி3டேக்கை மிஞ்சி நான் எதையும் பார்க்கவில்லை, விண்டோஸில் இலவசம். பாட்டு இறக்கிய தளங்கள் தங்கள் பெயரை ஒவ்வொரு டேகிலும் ஒட்டி வைத்திருக்கிறார்களே, அதையும் இதிலேயே மொத்தமாகத் துடைத்துவிடலாம். பழைய பைல்களில் பெயர் பாதியில் அறுந்து நின்றால் பயப்படாதீர்கள், முதல் தலைமுறை டேகில் 30 எழுத்துக்கு மேல் இடமே கிடையாது.

மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் ஒலியை வைத்தே பாட்டை அடையாளம் காணும், இதுவும் இலவசம். ஆனால் பழைய தமிழ்ப் பாட்டுக்குப் படத்தின் பெயரை விட்டுவிட்டு ஏதோ ஒரு ஹிட்ஸ் தொகுப்பின் பெயரைக் கொண்டுவந்து உட்கார வைக்கும். செட்டிங்ஸில் தொகுப்புகளைப் பின்னுக்குத் தள்ளலாம், அப்படியும் சேமிக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாமாவிடம் இருந்த கூத்துப் பதிவுகளுக்கு இதெல்லாம் உதவாது. திரௌபதி அம்மன் திருவிழாவில் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடந்த அர்ச்சுனன் தபசு எந்த டேட்டாபேஸில் இருக்கப்போகிறது? “மாமா, இது எந்த ஊர்ல எடுத்தது?” என்று ஒரு பைலைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டவர், “பாலக்கோடு பக்கம்டா, அந்த முகவீணைக்காரர் அங்கதான் வாசிப்பார்” என்றார். இந்த மாதிரி விவரத்தை எழுத நாமே கட்டம் உருவாக்கிக்கொள்ளும் வசதி வேண்டும். எம்பி3டேக், மியூசிக்பீ, ஃபூபார்2000 மூன்றிலும் முடியும். ஊர், வாத்தியார், எந்த நாள் கூத்து, யார் பதிந்தது என நாலு கட்டம் போட்டிருக்கிறேன்.

கடைசியில் என்னிடம் நின்றது, துடைக்க எம்பி3டேக், பார்க்கவும் கேட்கவும் மியூசிக்பீ. லினக்ஸ்காரர்கள் ஸ்ட்ராபெரி அல்லது குவாட் லிபெட் பாருங்கள். கருப்புத் திரையில் கட்டளை அடித்துப் பழகியவர்களுக்கு பீட்ஸ் இருக்கிறது, எனக்குப் பொறுமை இல்லை. பழைய லேப்டாப் ஒன்றில் போட்டு வீடு முழுக்கப் போனில் கேட்க வேண்டும் என்றால் நாவிட்ரோம், அது பைலைத் தொடாது, டேகை வாசிப்பதோடு சரி.

எதைப் போட்டாலும் முதலில் நூறு பாட்டை வேறு போல்டரில் நகல் எடுத்து அதில் விளையாடுங்கள். அதில் கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு, டூயட், கன்னடம், வீட்டில் பதிந்தது எல்லாம் கலந்திருக்கட்டும். மொத்தமாக டேக் எழுதும்போது கரண்ட் போனால் பைல் கெட்டுப்போகலாம், யூபிஎஸ் இல்லையென்றால் லேப்டாப்பில் செய்யுங்கள். அப்புறம் கார் ஸ்டீரியோ பலவற்றில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத்தான் வரும், அந்தப் பென்டிரைவுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் தனியாக ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.