மணற்கல் தனிக்குன்றைப் படிப்பது எப்படி? மெரிக் குன்றை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

பாலைவெளியின் நடுவே செங்குத்தாக நிற்கும் செந்நிறக் குன்றைப் பார்ப்பவர்களுக்கு, அது தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்தது என்றே முதலில் தோன்றும். ஆனால் அந்தக் குன்று தனியாக எழுந்ததன்று. அதைச் சூழ்ந்திருந்த பாறை முழுவதும் அரிக்கப்பட்டுப் போன பின்பு எஞ்சிய துண்டு அது. இதை யாரோ சொல்லி நம்ப வேண்டியதில்லை. ஒரு நல்ல புகைப்படமும் பென்சிலும் தாளும் இருந்தால் நீங்களே கண்டறியலாம். புவியியலோ நிலவியலோ முன்பு படித்திராதவர்களை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன்.

பயிற்சிக்கு அமெரிக்காவின் மான்யுமென்ட் வேலியை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் அந்தப் பெயரைத் தேடினால், கையுறை போன்ற வடிவுடைய இரண்டு மிட்டன் குன்றுகளும் அவற்றின் அருகே மெரிக் குன்றும் சேர்ந்து நிற்கும் படம் உடனே கிடைக்கும். அதைப் பெரிய அளவில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இடத்தை வரைபடத்தில் குறியுங்கள்

அரிசோனா, யூட்டா மாநிலங்களின் எல்லையில், நவஹோ பழங்குடி மக்களுக்குரிய நிலத்தில் இந்த இடம் இருக்கிறது. 1958-இல் நவஹோ மக்கள் இதைத் தங்கள் பழங்குடிப் பூங்காவாக அறிவித்தார்கள். பெயரில் பள்ளத்தாக்கு என்று இருந்தாலும், இரு மலைகளுக்கு இடையே ஆறு ஓடும் பள்ளத்தாக்கு அன்று இது. கொலராடோ பீடபூமியின் ஒரு பகுதியான இந்தச் சமவெளியின் தரையே கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், படி 6-இல் தேவைப்படும். பாலைவனம் என்றதும் வெப்பத்தை மட்டுமே நினைக்கிறோம். இங்கே குளிர்கால இரவுகளில் நீர் உறைந்துபோகும்.

படி 2: அகலத்தையும் உயரத்தையும் ஒப்பிடுங்கள்

குன்றின் உச்சி அகலத்தையும் தரையிலிருந்து அதன் உயரத்தையும் அளவுகோலால் படத்திலேயே அளந்து பாருங்கள். உயரத்தைவிட அகலம் மிகுதியாக இருந்து உச்சி மேசைபோல் பரந்திருந்தால் அது மேசைக்குன்று. ஸ்பானிய மொழியில் மேசையைக் குறிக்கும் ‘மேசா’ என்ற சொல்லே உலகெங்கும் வழங்குகிறது. அகலம் குறைந்து, உயரம் ஓங்கித் தெரிந்தால் அது தனிக்குன்று. ஆங்கிலத்தில் ‘பியூட்’ என்பார்கள். மேலும் ஒடுங்கித் தூண்போல் நின்றால் அது கற்றூண். மூன்றும் மூன்று வேறு பொருள்கள் அல்ல, தேய்மானத்தின் மூன்று கட்டங்கள். மான்யுமென்ட் வேலியில் மூன்றையும் ஒருசேரக் காணலாம்: சென்டினல் மேசா, மெரிக் குன்று, டோட்டம் போல் என்னும் மெல்லிய தூண்.

படி 3: குன்றை மூன்று பட்டைகளாகப் பிரியுங்கள்

இப்போது தாளில் மெரிக் குன்றின் வெளிக்கோட்டை வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை; சரிவு எங்கே மாறுகிறது என்பது மட்டும் சரியாக இருக்கட்டும். அடியில் பாவாடைபோல் விரிந்த சரிவும், அதன்மேல் செங்குத்தான சுவரும், உச்சியில் மெல்லிய தொப்பியும் தெரியும். சரிவு மாறும் இடத்தில் பாறையும் மாறுகிறது என்பதே இங்கு விதி. மென்மையான பாறை சரிவாகத் தேயும், உறுதியான பாறை சுவராக நிற்கும். தொடக்கநிலையில் ஒருவர் கற்றுக்கொள்ளக்கூடிய மிகப் பயனுள்ள விதி இதுவே என்று கருதுகிறேன். படிவுப் பாறைகள் கிடையாக அமைந்த வறண்ட நிலம் எதிலும் இதைப் பொருத்திப் பார்க்கலாம்.

படி 4: கீழிருந்து மேலாகக் காலத்தைப் படியுங்கள்

குலைக்கப்படாத படிவுகளில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. 1669-இல் நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதிவைத்த இந்தக் கொள்கையைக் கொண்டு உங்கள் படத்தின் பட்டைகளுக்குப் பெயரிடுங்கள்.

அடிச்சரிவு ஆர்கன் ராக் எனப்படும் களிப்பாறை. பெர்மியன் என்னும் பழைய நிலவியல் காலத்தில் ஆறுகளும் அவற்றின் வெள்ளச் சமவெளிகளும் விட்டுச்சென்ற சேறும் வண்டலும் இறுகி உண்டானது. அதன்மேல் நிற்கும் பெருஞ்சுவர், ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணற்குன்றுகள் கல்லான டி ஷே மணற்கல். எழுத்துக்கூட்டி ‘டி செல்லி’ என்று படிப்பவர்கள் உண்டு, உச்சரிப்பு ‘டி ஷே’ என்பதுதான். அதற்கு மேல், பெர்மியனை அடுத்து வந்த ட்ரையாசிக் காலத்தைச் சேர்ந்த மோயன்கோப்பி படிவின் மெல்லிய செம்பட்டை வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது, பழைய ஆற்றுப் படுகைகளின் மணலும் கூழாங்கற்களும் ஒட்டி இறுகிய ஷினாரம்ப் என்னும் கடினப் பாறை. கீழே உள்ள சுவரை மழையிலிருந்து காக்கும் தொப்பி இதுவே.

ஷினாரம்ப் படிவின் பழைய ஆற்றுத்தடங்களில் யுரேனியம் சேர்ந்திருந்தது. 1940-களிலிருந்து 1960-கள் வரை இப்பகுதியில் அதைத் தோண்டி எடுத்தார்கள். போதிய பாதுகாப்பின்றிச் சுரங்கங்களில் உழைத்த நவஹோ தொழிலாளர்கள் பலர் பின்னாளில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளானார்கள். இந்தப் பாறை அடுக்கைப் பற்றிப் பேசும்போது அவர்களைக் குறிப்பிடாமல் கடந்துசெல்வது முறையன்று.

பட்டைகளுக்கு இடையே உள்ள கோடுகளையும் கவனியுங்கள். டி ஷே மணற்கல் முடியும் கோட்டில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கான படிவுகள் இல்லை. ஒன்று அவை படியவே இல்லை, அல்லது படிந்து அரிக்கப்பட்டுவிட்டன. ஏறத்தாழ 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், பூமியின் உயிரினங்களில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. அந்தப் பேரழிவு நிகழ்ந்த காலம் இங்கே இந்தக் கோட்டுக்குள் மறைந்துகிடக்கிறது. உங்கள் படத்தில் அந்தக் கோட்டை மட்டும் தடித்து வரையுங்கள்.

படி 5: சுவருக்குள் சாய்கோடுகளைத் தேடுங்கள்

சுவரின் அண்மைப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். கிடையான எல்லைகளுக்கு நடுவே சாய்ந்து இறங்கும் மெல்லிய கோடுகள் இருக்கும். காற்று ஒரு மணல்மேட்டின் முதுகில் மணலை ஏற்றி, மறுபக்கம் சரியவிடும். அந்தச் சரிவு பொதுவாக 30 பாகையைச் சற்றுத் தாண்டும் சாய்வில் நின்றுகொள்ளும். அப்படிச் சரிந்த ஒவ்வொரு படலமும் ஒரு கோடு. கோடுகள் எந்தப் பக்கம் இறங்குகின்றனவோ அந்தப் பக்கம் நோக்கியே அன்றைய காற்று வீசியது. ஒரே ஒரு படத்தை வைத்து மட்டும் திசையை முடிவு செய்துவிடாதீர்கள். சுவர் வெட்டுப்பட்டிருக்கும் கோணத்தைப் பொறுத்துச் சாய்வு மாறித் தெரியும் என்பதால், வேறு முகங்களின் படங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

படி 6: பிளவுகளையும் விழுந்த பாறைகளையும் எண்ணுங்கள்

குன்று எப்படிச் சிறுத்துக்கொண்டே போகிறது என்பது இந்தப் படியில் விளங்கிவிடும். சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் நேர்ப்பிளவுகளைப் பென்சிலால் குறியுங்கள். ராக்கி மலைகள் உருவான காலத்தில் இப்பகுதியின் பாறை அடுக்குகள் முழுவதும் அகன்ற வளைவாக மேலே உந்தப்பட்டன. வளைந்த இடத்தில் உறுதியான மணற்கல் விரிசல்விட்டது. மழைநீர் அந்தப் பிளவுகளில் இறங்கி, குளிரில் உறையும்போது 9 விழுக்காடு அளவுக்கு விரிந்து, பிளவை ஆப்புபோல் அகட்டுகிறது. அடியில் இருக்கும் களிப்பாறையோ ஒவ்வொரு மழைக்கும் கரைந்து பின்வாங்குகிறது. தாங்க அடித்தளம் இல்லாத மணற்பலகை, பிளவின் வழியே மொத்தமாகப் பெயர்ந்து விழுகிறது. அடிச்சரிவில் சிதறிக் கிடக்கும் பாறைகள் இவ்வாறு விழுந்தவையே. சுவர் சாய்வாகத் தேயாமல், பின்வாங்கிய பிறகும் செங்குத்தாகவே நிற்பதற்கும் இதுவே காரணம்.

காற்றுதான் இந்தக் குன்றுகளைச் செதுக்கியது என்று பலர் எழுதுகிறார்கள். காற்றுக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் சிறியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழையே பெறும் நிலத்திலும் பெரும்பணியைச் செய்வது நீர்தான். கோடையின் பிற்பகுதியில் திடீரெனக் கொட்டும் இடிமழை, உதிர்ந்த மண்ணை ஓடைகளில் சேர்க்கிறது; அவ்வோடைகள் அதைச் சான் ஹுவான் ஆற்றுக்குக் கொண்டுசெல்கின்றன.

படி 7: நிறத்தைப் பிரித்தறியுங்கள்

செந்நிறம் மணலைப் பூசியிருக்கும் இரும்பு ஆக்சைடின் நிறம். சுவரில் கரிக்கோடுபோல் வழியும் கறுப்புப் பட்டைகள் பாறையின் மேல் படிந்த மாங்கனீசும் இரும்பும் களிமண்ணும் சேர்ந்த மிக மெல்லிய பூச்சு. கறுப்புக்கு நடுவே புதுச்சிவப்பாக ஒரு பகுதி தெரிந்தால், அங்கே அண்மையில் பாறை பெயர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

படி 8: உச்சிகளை ஒரு கோட்டால் இணையுங்கள்

அளவுகோலை மேற்கு மிட்டனின் உச்சியில் வைத்து, கிழக்கு மிட்டன் வழியாக மெரிக் வரை கோடு இழுங்கள். தொலைவினால் வரும் வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தால், உச்சிகள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் அமைந்திருக்கும். அதேபோல் மணற்கல் தொடங்கும் கோட்டையும் குன்றுக்குக் குன்று இணையுங்கள், அதுவும் பொருந்தும். மூன்று குன்றுகளிலும் அதே அடுக்குகள் அதே வரிசையில் இருக்கின்றன. ஆகவே ஒரு காலத்தில் அவை ஒரே தொடர்ப்பரப்பாக இருந்தன. கோடுகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைப் பென்சிலால் நிழலிடுங்கள். நீங்கள் நிழலிட்ட அத்தனையும் அரிக்கப்பட்டுப் போன பாறை. உச்சிக்கோட்டுக்கு மேலும் பின்னாளைய படிவுகள் மிகப் பெரும் தடிமனில் இருந்து மறைந்தன என்பதையும் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

படி 9: ஒரு மாறான குன்றில் சோதித்துப் பாருங்கள்

அங்கிருந்து தெற்கே, கயென்டா ஊருக்கு அருகில், அகாத்லா என்ற குன்று தனித்து நிற்கிறது. தொலைவிலிருந்து பார்த்தால் இதுவும் அதே இனம் என்று எண்ணத் தோன்றும். படத்தைத் திறந்து படி 3-ஐச் செய்து பாருங்கள்: சரிவு, சுவர், தொப்பி என்ற பிரிவு கிடைக்காது. படி 4-க்கான கிடையடுக்குகளும் கிடையா. நிறம் கருமை, உச்சி முள்போல் கூர்மை. இது ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை ஒன்றின் குழாய்க்குள் இறுகிய பாறை. சூழ்ந்திருந்த மென்பாறை அரிக்கப்பட்டதால் வெளியே தெரிகிறது. இதன் பாறை கீழிருந்து வந்ததுதான். ஆயினும் இதையும் குன்றாக நிறுத்தியது அரிமானமே.