உளுந்து மில்லுல கலர் சார்ட்டர் படுத்துன பாடு

கலர் சார்ட்டர்னா கேமராவால பாத்து, கல்லு, கெட்ட பருப்பெல்லாம் காத்தடிச்சுப் பிரிக்கிற மிஷின். யாங்கூன்ல ஜூலை மழை, மில் அண்ணன் காலையிலேயே போன் போட்டு "தம்பி, நல்ல உளுந்தும் கழிவுல போவுது, கல்லு அப்படியே நல்லதுல வருது, கேமரா போச்சு, மாத்திக் குடு"ன்னு ஒரே சத்தம். கஸ்டமர் கேமராங்கறாருன்னா அது கேமராவா இருக்காது, இது என் அனுபவம். இருந்தாலும் அவர் மனசுக்காக கண்ணாடி துடைச்சு, கேலிபிரேஷனும் (கேமராவ சரியா செட் பண்றது) பண்ணேன், ஒன்னும் மாறல. அப்புறம் காதை வச்சுக் கேட்டா எஜெக்டர் (காத்தடிச்சு கல்லத் தள்ளுற சின்ன வால்வு) டிக்டிக் சத்தம் சில சேனல்ல (உளுந்து விழுற வரிசைல) லேட்டா வருது, ஏர் ஃபில்டர் கிண்ணத்தப் பாத்தா பாதிக்கு மேல தண்ணி!

விசாரிச்சா, கரண்ட் போனதும் ஜெனரேட்டர்ல ஓட்டுறாங்க, டீசல் மிச்சம்னு காத்துல இருக்குற ஈரத்த எடுக்குற ஏர் டிரையர மட்டும் ஆஃப் பண்ணிட்டாங்க, மழைக்காலத்து ஈரக்காத்த கம்ப்ரஸர் அமுக்குனா தண்ணியா தானே நிக்கும், அது வால்வுக்குள்ள போய் ஒட்டிக்கிச்சு. டேங்க் அடியில டிரெயின் திறந்தேன், துரு கலந்த தண்ணி கொட்டுச்சு (செருப்பு நனைஞ்சதுதான் மிச்சம்). எஜெக்டர்களக் கழட்டி காயவச்சு, ஃபில்டர் மாத்தி, டிரையர ஜெனரேட்டர் லைன்ல சேத்துட்டு ஓட்டுனேன். சாயங்காலம் கழிவு மூட்டையில கைய விட்டு அள்ளிப் பாத்தாரு அண்ணன், ஒன்னும் பேசல, டீ சொன்னாரு.