பழைய சின்ன டிராக்டர் வாங்கப் போகிறீர்களா? விடியற்காலையில் போய்ப் பாருங்கள்

எங்களுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். கொஞ்சம் வாழை, மீதியெல்லாம் பட்டுப்புழுவுக்கான மல்பெரி. மல்பெரியை இணை வரிசையாக நட்டிருக்கிறோம். ஒரு ஜோடி வரிசைக்குள் மூன்றடி, அடுத்த ஜோடிக்கு முன் ஐந்தடி. அந்த ஐந்தடிச் சந்தில் வாடகைக்கு வரும் 45 எச்பி வண்டி நுழையாது. அதன் பின்சக்கரத்தின் வெளி அகலமே ஆறடியை ஒட்டி வரும். களை எடுக்க ஆளும் கிடைக்கவில்லை. அதனால்தான் பழைய சின்ன டீசல் டிராக்டர் ஒன்று தேட ஆரம்பித்தேன். முதல் வண்டியில் ஒரு பெரிய தவறு செய்தேன். அதன்பிறகு மச்சானுக்கும் பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கும் வண்டி பார்த்துக் கொடுத்தபோது அந்தத் தவறு நடக்கவில்லை. புதிதாக வாங்குபவர்கள் அப்படியே பின்பற்றும்படி எழுதுகிறேன்.

1. முதலில் உங்கள் வரிசைச் சந்தின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்

வண்டியின் அகலம் மட்டும் போதாது, பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரின் அகலத்தையும் சேர்த்துப் பாருங்கள். செடிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருபுறமும் அரையடியாவது வேண்டும். நாலடிக்குள் அகலமுள்ள வண்டி எங்களுக்குச் சரியாக இருக்கிறது.

எங்கள் பக்கம் பழசாகக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று. மித்சுபிஷி சக்தி எம்டி 180டி 18.5 எச்பி, மூன்று சிலிண்டர், நான்கு சக்கரமும் இழுக்கும் வகை உண்டு. மகிந்திரா யுவராஜ் 215-உம் ஸ்வராஜ் 717-உம் 15 எச்பி, ஒற்றைச் சிலிண்டர். ஒற்றைச் சிலிண்டரில் அதிர்வு கூடுதல், ஆனால் எஞ்சின் வேலை வந்தால் செலவு குறைவு, எந்த மெக்கானிக்கும் பிரித்துவிடுவார். எனக்குப் பிடித்தது மூன்று சிலிண்டர், நான்கு சக்கர இழுவைதான். வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகு எங்கள் மண் பிசுபிசுவென்று ஆகிவிடும், அதில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் சின்ன வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். மேட்டு நிலம், செம்மண் என்றால் இரண்டு சக்கர இழுவையே போதும், அதற்கு மேல் பணம் போடாதீர்கள்.

எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரை நம்ப வேண்டாம். கிளட்ச், பிரேக் பெடல்களின் தேய்மானம், ரொட்டவேட்டரைச் சுற்றவைக்கும் பிடிஓ தண்டின் பற்கள், பின்னால் கலப்பை மாட்டும் லிங்க்கின் உருண்டைகள், இவை எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். வண்டியின் உண்மையான வயதை அவைதான் சொல்லும்.

2. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பது

நான் தவறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வண்டியைப் பார்க்க மதியம் இரண்டு மணிக்குப் போனேன். "இப்பத்தான் உழுதுட்டு வந்து நிறுத்தினேன்" என்றார் விற்றவர். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தம் சீராக இருந்தது, புகையும் இல்லை. அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன். மார்கழி பிறந்ததும் காலையில் வண்டி எழவே இல்லை. இருபது முறை செல்ஃப் அடித்தால் வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு அரைகுறையாகப் பிடிக்கும். பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் குழாயான லைனரும் தேய்ந்து போயிருந்தன. எஞ்சின் வேலைக்கு வண்டி விலையில் கால்வாசி போனது. டீசல் எஞ்சினில் காற்றை அழுத்தி வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். தேய்ந்த எஞ்சின் சூடாக இருக்கும்போது அந்தக் குறையை மறைத்துவிடும், குளிர்ந்த பிறகு மறைக்க முடியாது.

ஆகவே காலை ஆறு மணிக்குப் போங்கள். வருகிறோம் என்று முந்தின நாளே சொல்லுங்கள், "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். போனதும் முதல் வேலை, எஞ்சின் மீதும் ரேடியேட்டர் மீதும் கை வைத்துப் பார்ப்பது. வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். இதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

குளிர்ந்திருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடான எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது, முகத்தில் அடித்துவிடும். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். அப்புறம் ஆயில் கேஜை உருவுங்கள். ஆயில் கறுப்பாக இருப்பது டீசல் வண்டிக்கு இயல்புதான். மோர் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அளவுக் கோட்டுக்கு மேலே ஏறி, தண்ணீராக ஓடினால் டீசல் கலந்திருக்கிறது.

இனி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குளோ பிளக் (குளிரில் எஞ்சின் உள்ளே சூடேற்றும் பிளக்) உள்ள வண்டி என்றால் சாவியைச் சூடாக்கும் நிலையில் பத்துப் பதினைந்து நொடி வைத்த பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். இரண்டு, மூன்று முயற்சிக்குள் பிடிக்க வேண்டும். முதல் ஒரு நிமிடம் லேசான வெள்ளைப் புகை வந்து மறைந்தால் பயமில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் துணி காட்டியோ, ஸ்பிரே அடித்தோ யாராவது ஸ்டார்ட் செய்து காட்டினால் அந்த வண்டி வேண்டாம். குளோ பிளக் உள்ள எஞ்சினில் அது ஆபத்தும்கூட, உள்ளே நேரம் தவறி வெடித்து பிஸ்டனையே உடைக்கும்.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாக அந்த வாயின் மேலேயே சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் சரி. புகையோடு குதித்துக் கீழே விழுந்தால் ரிங்கைத் தாண்டிக் காற்று இறங்குகிறது. நான் வாங்கியபோது இதைச் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

கடைசியாக, ரொட்டவேட்டர் மாட்டி அரை மணி நேரமாவது அடித்துப் பாருங்கள். வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் எழும் வண்டி சூட்டில் எழவில்லை என்றால் டீசல் பம்பின் உள்பாகம் தேய்ந்திருக்கலாம். சூட்டில் டீசல் இளகி, அந்த இடுக்கில் கசிந்துவிடுகிறது. பம்பு சர்வீஸ் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

சேர்த்தது: இதைப் படித்த ஒருவர், காலையில் மட்டும் மக்கர் செய்த வண்டியை எஞ்சின் போச்சு என்று பயந்து விட்டுவிட்டதாக எழுதியிருந்தார். அந்த வண்டி பிடித்த பிறகு புகையும் இல்லையாம், மூடியும் குதிக்கவில்லையாம். அப்படியென்றால் முதலில் பேட்டரியையும் குளோ பிளக்கையும் பாருங்கள். பிளக்கின் வயரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் தொடர்பு காட்ட வேண்டும், காட்டாவிட்டால் அது எரிந்துபோன பிளக். அதை மாற்றும் செலவு எஞ்சின் வேலைக்குப் பக்கத்தில்கூட வராது.

3. மற்ற பாகங்கள்

ஹைட்ராலிக்கில் ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். மெல்ல இறங்கினால் பொறுத்துக்கொள்ளலாம், கண் முன்னே இறங்கிவிட்டால் சீல் வேலை இருக்கிறது. தூக்கியிருக்கும்போது யாரும் அடியில் போகக் கூடாது. முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிளட்சை விடும்போது பாதத்தின் கடைசித் தூக்கலில்தான் வண்டி நகர்கிறது என்றால் பிளேட் முடியும் நிலையில் இருக்கிறது.

நான்கு சக்கர இழுவை வண்டியில் டயரைக் கூர்ந்து பாருங்கள். முன்டயரும் பின்டயரும் கம்பெனி கொடுத்த அளவிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டின் சுற்றளவுக்கும் பொருந்தும்படிதான் கியர் அமைத்திருக்கிறார்கள். கிடைத்த அளவில் மாற்றி மாட்டியிருந்தால் முன் அச்சு கியர்கள் ஒன்றையொன்று முறுக்கித் தேயும். இதே காரணத்தால்தான் தார் ரோட்டில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டக் கூடாது.

4. காகிதங்கள்

வண்டி எண்ணை அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டு விவரம் பார்க்கலாம். அதோடு நிறுத்தாமல், எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியிலேயே துடைத்துப் படித்து ஆர்சியோடு (பதிவுச் சான்று) ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் வாங்க வேண்டாம்.

ஆர்சி பதினைந்து வருடத்துக்குத்தான் செல்லும். அதன்பிறகு படிவம் 25 கொடுத்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டியில் இந்தத் தேதி தாண்டியிருந்தால் விற்பவரே புதுப்பித்துத் தரட்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, நடப்பு இன்சூரன்ஸ், உங்கள் முகவரிச் சான்று. டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு, சேர்த்து வாங்கினால் அதன் காகிதத்தையும் தனியாகக் கேளுங்கள்.

ஆர்சியில் ஹெச்பி (ஹைப்பாதிகேஷன், அதாவது வண்டி மேல் கடன்) என்று ஏதாவது பேங்க் பெயர் இருந்தால், "லோன் எப்பவோ கட்டி முடிச்சாச்சு" என்ற வாய்வார்த்தை போதாது. கடன் முடிந்தாலும் ஆர்சியில் அந்தப் பதிவு தானாகப் போகாது. பேங்கின் தடையில்லாச் சான்றும் (என்ஓசி), பேங்க் கையெழுத்திட்ட படிவம் 35-உம் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போக வேண்டும். இது முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். நாங்கள் மச்சான் வண்டிக்கு ஒரு பகுதியை நிறுத்தி வைத்தோம். விற்றவரும் அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டார்.

சேர்த்தது: அப்பா பெயரில் இருக்கும் வண்டியை, அவர் இறந்த பிறகு மகன்கள் விற்கிறார்கள், என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31 வழியாக மாற்ற வேண்டும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவைப்படும். அதன் பிறகுதான் உங்கள் பெயருக்கு வர முடியும். இறந்தவர் கையெழுத்திட்டு வைத்த பழைய படிவம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

5. வீட்டுக்கு வந்த முதல் வாரம்

முன்பிருந்தவர் எப்போது மாற்றினார் என்று விசாரிப்பதைவிட எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கூலன்ட், கியர் ஆயில். ஆயில் பாத் ஏர் கிளீனர் என்றால் கிண்ணத்தைக் கழுவிக் குறியிட்ட அளவுக்கு மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள். கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்த பிறகே கிரீஸ் அடியுங்கள், இல்லாவிட்டால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும்.

டீசல் ஃபில்டர் மாற்றியதும் வண்டி எழாது. பலர் இங்கே பயந்து மெக்கானிக்குக்குப் போன் செய்கிறார்கள். பைப்பில் காற்று நின்றிருக்கிறது, அவ்வளவுதான். டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும், டேப்பைத் திறந்து விடுங்கள். ஃபில்டர் மேல் உள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். கை பிரைமர் இருந்தால் அதை அமுக்குங்கள், இல்லாவிட்டால் டீசல் தானாக இறங்கும்வரை காத்திருங்கள். நுரையும் குமிழியும் நின்று டீசல் சுத்தமாக வழிந்ததும், வழியும்போதே இறுக்குங்கள். பம்பில் உள்ள ஸ்க்ரூவிலும் இப்படியே செய்யுங்கள். அப்படியும் எழாவிட்டால், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஒருவர் செல்ஃப் அடிக்க, டீசல் துப்பியதும் இறுக்குங்கள். அங்கே விரலை வைக்காதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இதற்கு அட்ஜஸ்ட் ஸ்பேனர் ஆகாது, நட்டின் மூலை மழுங்கிவிடும். சரியான அளவு ரிங் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கி வண்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஏர் ஸ்க்ரூவின் செம்பு வாஷரும் நான்கைந்து கையிருப்பில் வேண்டும். பழைய வாஷரையே திரும்பத் திரும்பப் போட்டால் அந்த வழியாகவே மறுபடி காற்று இழுக்கும்.

6. ஓட்டத் தொடங்கும் முன்

ரோட்டில் போகும்போது, இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பூட்டும் கொக்கியை மாட்டுங்கள். ஒற்றைப் பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி சுழன்று கவிழும். பிடிஓ சுற்றும்போது லுங்கி, துண்டு, சேலைத் தலைப்பு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. 540 சுற்று வேகம் என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று, கத்தி முடிப்பதற்குள் ஆளை இழுத்துவிடும். பழைய வண்டிகளில் ஷாஃப்டின் பிளாஸ்டிக் உறை பெரும்பாலும் உடைந்தோ, கழற்றி எறியப்பட்டோ இருக்கும். முதல் நாளே புதிதாக வாங்கி மாட்டுங்கள். அது மாட்டும்வரை எங்கள் வீட்டில் ரொட்டவேட்டரை எடுக்க அம்மா விடவில்லை.