தங்கச்சியின் கலியாணத்துக்குப் புரோச் பூச்செண்டு: கட்டிய விதம்

கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்தில் தங்கச்சிக்குக் கலியாணம் என்று முடிவானதும், செண்டை நான்தான், பூவுக்குப் பதிலாகப் புரோச்சுகளால் (சேலையில் குத்தும் அலங்கார ஊசி நகை) கட்டித் தருவேன் என்று சொல்லிவிட்டேன். கொழும்பு வெக்கையில் ரோசாப் பூவின் ஓரம் பூசை முடியும் முன்பே கறுத்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் அம்மம்மா. அவரால் வர முடியாது. ஆனால் அவருடைய மயில் புரோச் வரலாம்.

அம்மம்மா, பெரியம்மா, இரண்டு மாமிமார், மாப்பிள்ளையின் அம்மா, லண்டனில் இருக்கும் சித்தி எனக் கேட்டு வாங்கியதில் 21 புரோச் சேர்ந்தது. மீதி 17ஐப் புறக்கோட்டையில் வாங்கினேன். எல்லாரும் ஒரே நிபந்தனைதான் சொன்னார்கள்: "தாறன், ஆனா பிறகு எனக்குத் திருப்பித் தரோணும்." ஆகவே கீழே நான் சொல்லும் முறையில் எதையும் ஒட்டுவதில்லை, உடைப்பதில்லை. ஊசியை வெட்டி எறியச் சொல்லும் செய்முறைகளும் இருக்கின்றன. வீட்டு நகையில் அதைச் செய்ய வேண்டாம்.

வாங்கியதும் படம்

ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, ஒரு கொப்பியில் எண் போட்டு, யாருடையது, எந்தக் கல் ஏற்கனவே விழுந்திருக்கிறது என்று எழுதுங்கள். அம்மம்மாவின் மயிலில் தோகையின் மூன்றாவது கல் இல்லை. ஊசி மூட்டில் நீல நூல் ஒன்று சிக்கியிருந்தது, அவருடைய ஏதோ ஒரு சேலையின் நூல். அதை நான் எடுக்கவில்லை.

சாமான்கள்

18 கேஜ் பூக்கம்பி (ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் தடிப்பு), 24 கேஜ் மெல்லிய கம்பி (அரை மில்லிமீற்றர்), பச்சை புளோரல் டேப், துணியில் செய்த ஹைட்ரேஞ்சியா ஆறு கொத்து, இரண்டு அங்குல சாட்டின் ரிப்பன், பஞ்சு, ஊசி நூல். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லிசாகும். கடையில் நின்று குழம்ப வேண்டாம். ஹைட்ரேஞ்சியா என்பது நுவரெலியாத் தோட்டங்களில் காணும் அந்த நீலக் கொத்துப் பூதான். புரோச்சுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அதுதான் மறைக்கும். இது இல்லாமல் கட்ட 38 அல்ல, 80 புரோச் வேண்டும்.

குறடு விடயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மூக்கு மெல்லிசான, உள்பக்கம் வரி இல்லாத நகைக் குறடு ஒன்று வாங்குங்கள். மின்சார வேலைக் குறட்டின் வரிகள் முலாமைக் கீறிவிடும். கம்பி வெட்ட வேறு குறடு. கத்தரிக்கோலால் வெட்டினால் கத்தரிக்கோல் போய்விடும்.

கம்பி கட்டுவது

இதில்தான் எனக்கு இரண்டு வார இறுதிகள் போயின, ஆகவே மெதுவாகவே சொல்கிறேன்.

முதலில், கடையில் வாங்கிய புரோச்சுகளின் பின்னால் குளூ கன் கொண்டு கம்பியை ஒட்டினேன். பார்க்க உறுதியாகத்தான் இருந்தது. வெள்ளவத்தையில் வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்டியை ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வந்து திறந்தால் நான்கு புரோச் கழன்று கிடந்தன. அந்தப் பசை சூட்டில் உருகி ஒட்டுவது, சூட்டிலேயே இளகும். வழுவழுப்பான உலோகத்தில் அதற்குப் பிடிமானமும் குறைவு.

அடுத்து, ஊசியின் நடுவே ஒரே இடத்தில் கம்பியைச் சுற்றினேன். இப்போது கழரவில்லை, சுழன்றது. பாரமான பக்கம் கீழே தொங்கி, மயில் தலைகீழாக நின்றது.

சரியான வழி, இரண்டு இடத்தில் பிடிப்பது:

1. புரோச்சின் ஊசியைப் பூட்டுங்கள். மெல்லிய கம்பியில் 9 அங்குலத் துண்டு இரண்டு வெட்டுங்கள்.
2. முதல் துண்டை ஊசி மூட்டின் அடியில் நுழைத்து, நடுவில் மடித்து, மூன்று முறுக்கு முறுக்குங்கள். இரண்டாவது துண்டை மறுமுனையில், கொக்கியையும் ஊசியையும் சேர்த்துச் சுற்றி அதேபோல முறுக்குங்கள். கொக்கியைச் சேர்த்துச் சுற்றுவதால் ஊசி தானாகத் திறக்காது.
3. நான்கு கம்பி நுனிகளையும் புரோச்சின் பின்பக்க நடுவுக்குக் கொண்டுவந்து சேர்த்து முறுக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இறுக்கம் இருக்க வேண்டும். இறுகியதும் நிறுத்துங்கள், அதற்கு மேல் ஒரு முறுக்குப் போட்டால் கம்பி பட்டென்று அறுந்துவிடும்.
4. தடித்த கம்பியின் நுனியைச் சின்னக் கொழுவி மாதிரி வளைத்து அந்த நடுவில் மாட்டி, நான்கு நுனிகளையும் அதன்மேல் மூன்று அங்குலத்துக்குக் கீழ்நோக்கிச் சுற்றுங்கள்.

பிறகு புரோச்சைப் பிடித்துக்கொண்டு காம்பை ஆட்டிப் பாருங்கள். முகம் திரும்பினால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். செண்டுக்குள் போன பிறகு திருத்த முடியாது.

இதன்மேல் டேப் சுற்ற வேண்டும். புளோரல் டேப் சும்மா தொட்டால் ஒட்டாது. இழுத்தால்தான் அதிலுள்ள மெழுகு வெளியே வந்து தன்மேல் தானே ஒட்டும். ஒரு கையால் காம்பைச் சுழற்றி, மறு கையால் டேப்பைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே போங்கள். ஐந்தாவது காம்பில் கை பழகிவிடும்.

செண்டாகச் சேர்ப்பது

பாரமான புரோச்சுகளை நடுவில் வையுங்கள், லேசானவை ஓரத்துக்கு. மாற்றி வைத்தால் செண்டு ஒரு பக்கம் சாயும், மணமகளின் மணிக்கட்டு வலிக்கும். நடுப் புரோச்சை இடது கையில் பிடித்து, அதைச் சுற்றி ஒரு புரோச், ஒரு துணிப்பூ எனச் சாய்வாக அடுக்கிக்கொண்டு போங்கள். பத்துக் காம்புக்கு ஒருமுறை டேப்பால் கட்டுங்கள். கண்ணாடி முன் நின்று செய்வது நல்லது. எங்களுடைய செண்டு எட்டு அங்குல அகலம் வந்தது, சமையலறைத் தராசில் 1 கிலோ 400 கிராம்.

மயிலை நான் முன்பக்கம் வைக்கவில்லை. தங்கச்சி செண்டைப் பிடித்துக் குனிந்தால் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உள்பக்கமாக வைத்தேன்.

காம்புகளை ஏழு அங்குலத்தில் வெட்டி, அடியைப் பஞ்சால் மூடி, துணி வைத்துக் கட்டுங்கள். கம்பி நுனி ஒன்று வெளியே இருந்தாலும் கவுணின் லேஸைக் கிழித்துவிடும். அதன்மேல் ரிப்பன். முத்துத் தலை ஊசி குத்தி ரிப்பனை நிறுத்துவார்கள், எனக்கு அது பிடிக்காது. கையில் குத்தும். நூலால் தைத்துவிடுங்கள்.

பின்னர் சேர்த்தவை

காம்புகளைத் தற்காலிகமாக ரப்பர் பேண்டால் கட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வெள்ளிப் புரோச் இருந்தால் வேண்டாம். ரப்பரில் கந்தகம் உண்டு, அது வெள்ளியைக் கறுக்க வைக்கும். ரப்பர் பேண்ட் போட்டுப் பெட்டிக்குள் வைத்த பெரியம்மாவின் வெள்ளி இலை ஒரு கிழமையில் மங்கியதை நானே பார்த்தேன். நூல் போதும்.

இன்னொருவரிடம் புரோச் குறைவாம், ஒற்றைத் தோடுகள்தான் நிறைய இருக்கின்றனவாம். தாராளமாகக் கட்டலாம். சுரையைக் கழற்றி, தோட்டின் தண்டில் மெல்லிய கம்பியை நான்கு சுற்றுச் சுற்றி, சுரையை மறுபடி இறுக்கிவிட்டால் கம்பி வெளியே வராது. சோடி தொலைந்த தோடு ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றாவது இருக்கும், அம்மாவிடம் கேளுங்கள்.

முத்து வைத்த புரோச்சுக்கு அருகில் வாசனைத் திரவியம் அடிக்க வேண்டாம், முத்தின் பளபளப்பு போய்விடும். தங்கச்சியிடம் முதல் நாளே சொல்லிவைத்தேன்: முதலில் சென்ட், கடைசியில் செண்டு.

அவிழ்ப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்டதால் இது: ரிப்பன் தையலை வெட்டி, டேப்பை உரித்து, காம்புகளை ஒவ்வொன்றாக உருவி, மெல்லிய கம்பியை முறுக்குக்குக் கீழே வெட்டுங்கள். புரோச்சுக்குப் பக்கத்தில் குறட்டைக் கொண்டுபோக வேண்டாம், மீதியை விரலால் அவிழுங்கள். எனக்கு ஒரு பின்னேரம் பிடித்தது. கொப்பியில் உள்ள எண்ணைப் பார்த்துத் தனித்தனி உறையில் போட்டு, அடுத்த ஞாயிறு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மயிலை அம்மம்மா வாங்கவில்லை, தங்கச்சியிடமே கொடுக்கச் சொன்னார். நீல நூல் இன்னும் அதில் இருக்கிறது.